ரெண்டு அஞ்சு ஒண்ணு

எங்கள் அடுக்ககத்துக் காவலாளி ஒருநாள் என்னைத் தனியாக ஓரங்கட்டினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. மூணாவது மாடி சார் ராத்திரி பதினோரு மணிக்கு மேல கார்டு ஆடறாரு. ரெண்டு, அஞ்சு, ஒண்ணுன்னு எண்ற சத்தம் கீழ வரைக்கும் கேக்குது. கூட ஆளுங்க வர்ற மாதிரியும் தெரியல."

இரண்டாவது மாடியில் அவருக்கு நேர் கீழே குடியிருப்பவன் நான். அது சீட்டாட்டக் கார்டு இல்லை, ஜாஸ் கிதாரில் சில சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவிடும் கார்டு என்பது எனக்கு ஆறு மாதமாகத் தெரியும். சீட்டாட்டமாக இருந்திருந்தால் தேவலை. அதில் எப்போதாவது ஒரு கை ஜெயிக்கும், மனிதர் திருப்தியாகப் படுக்கப் போவார். ஜாஸில் ஆட்டம் முடிந்தது என்று சொல்ல ஆளே கிடையாது.

அவரை நம்மவர் என்று வைத்துக்கொள்வோம். பெயர் தேவையில்லை, ஏனென்றால் உங்கள் கட்டடத்திலும் ஒருவர் இருப்பார். வேளச்சேரியில் இருக்கிறார், ஒயிட்ஃபீல்டில் இருக்கிறார், நியூஜெர்சியில் கட்டாயம் இருக்கிறார். வயது 47. கணினி நிறுவனத்தில் நாற்பது பேரை மேய்க்கும் வேலை. வீட்டுக்கடனின் கடைசித் தவணை கட்டிய மறுமாதம் ஆண்களைப் பிடிக்கும் வியாதிகளில் இதுவும் ஒன்று. சிலருக்கு அது மாரத்தானாக வரும், சிலருக்கு மாடித்தோட்டமாக. இவருக்கு ஜாஸ் கிதாராக வந்தது. மாடித்தோட்டமாக வந்திருந்தால் எங்களுக்குக் கத்தரிக்காயாவது கிடைத்திருக்கும்.

கல்லூரி விடுதியில் அவர் 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தை வாசித்தவர். 1982-க்குப் பிறகு தமிழ்நாட்டில் கிதாரைத் தொட்டவர்களில் அந்த வாசல்படியை மிதிக்காமல் உள்ளே போனவர்கள் குறைவு. பெண் பார்க்க வந்தபோதும் அதைத்தான் வாசித்தாராம். "அதைக் கேட்டுத்தான் சரின்னு சொன்னேன்" என்று அவர் மனைவி சொல்லும்போது குரலில் ஏமாந்தவரின் வருத்தம் தெரியும். அதன்பின் இருபது வருஷம் அந்தக் கிதார் பரணில், கொலு பொம்மைப் பெட்டிக்கும் பழைய குக்கருக்கும் நடுவே கிடந்தது. ஒருநாள், விமானம் நாலு மணி நேரம் தாமதமான இரவில், விமான நிலையத்தில் உட்கார்ந்தபடி செல்பேசியைத் துழாவிக்கொண்டிருந்தவர் காதில் ஜாஸ் கிதார்காரர் வெஸ் மாண்ட்கோமரி விழுந்தார். அன்றோடு சரி. இப்போது மனைவி 'இளைய நிலா'வைக் கேட்டால், முனைவர் பட்டம் வாங்கியவரிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டதுபோல ஒரு பார்வை பார்க்கிறார்.

பரணிலிருந்து இறங்கிய கிதார் ஜாஸுக்கு ஆகாதாம். முதுகும் வயிறும் வளைந்து, வயலினுக்கு இருப்பதுபோல் இரண்டு பக்கமும் எஃப் வடிவத் துளை போட்ட ஒன்று வந்தது. சென்னை ஈரக்காற்று அதன் மரத்துக்கு ஒத்துக்கொள்ளாது என்று அந்த அறையில் இரவு பகலாக ஏசி ஓடுகிறது. "எங்கம்மா மே மாசம் வந்து பத்து நாள் இருந்தாங்க. அப்ப கரண்ட் பில்லு பத்தி ஒரு லெக்சர் குடுத்தார்" என்று அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது எனக்குத் தெரியும். கிதாருக்குத் தெரியாது.

அடுத்து புத்தகங்கள். மிக்கி பேக்கர் 1955-இல் எழுதிய பாடப்புத்தகம் இருக்கிறது. டெட் கிரீன் 1971-இல் வெளியிட்ட கார்டு அகராதி இருக்கிறது. அதைத் திறந்தால் பக்கம் பக்கமாகச் சின்னச் சின்னக் கட்டங்கள், கட்டத்துக்குள் புள்ளிகள். என் மனைவி முதலில் அதைப் புள்ளிக்கோலப் புத்தகம் என்று நினைத்து இரவல் கேட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே, சுருள்கம்பி போட்ட 'ரியல் புக்'. இதன் கதை நம் ஊர்க் கதை மாதிரியே இருக்கும். 1970-களின் நடுவில் பாஸ்டன் நகரத்து பெர்க்லீ இசைக்கல்லூரி மாணவர்கள் நூற்றுக்கணக்கான ஜாஸ் மெட்டுகளைக் கையால் எழுதி, யாருக்கும் உரிமைத்தொகை தராமல், நகலெடுத்துக் கைமாற்றிக் கைமாற்றி விற்றார்கள். உலகத்து ஜாஸ்காரர்கள் எல்லோரும் அந்தத் திருட்டு நோட்ஸை வைத்துத்தான் கற்றார்கள். 2004-இல்தான் ஒரு பதிப்பகம் முறைப்படி உரிமை வாங்கி அச்சிட்டது. நம்மவர் முறைப்படி வாங்கியவர். வாங்கிய பிறகு, புத்தகம் பாழாகிவிடுமே என்று அதையும் ஒரு நகல் எடுத்துச் சுருள்கம்பி போட்டுக்கொண்டார்.

இத்தனையும் படித்ததால் வாசிப்பதைவிட அவருக்குப் பேச நிறைய இருக்கிறது. விரல் வலித்தால் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் வருவார். 1928-இல் குடியிருந்த வண்டி தீப்பிடித்ததில் இடது கையின் இரண்டு விரல்கள் பயனில்லாமல் போயின, மிச்சமிருந்த இரண்டு விரல்களாலேயே சோலோ வாசித்தார் என்று சொல்லி, தன் பத்து விரல்களையும் குற்றவாளிகளைப்போல் பார்ப்பார். திங்கட்கிழமை பாடம் வெள்ளிக்கிழமை மறந்துபோனால் பாட் மார்ட்டினோ. அவருக்கு 1980-இல் மூளை அறுவைச் சிகிச்சையில் நினைவெல்லாம் போய்விட்டது. தான் முன்பு வாசித்த இசைத்தட்டுகளைத் தானே கேட்டு மறுபடி கிதார் கற்றார். நம்மவருக்கு அந்தச் சிகிச்சை வாராவாரம் நடக்கிறது, திரும்பக் கேட்க இசைத்தட்டுதான் இல்லை.

எனக்குப் பிடித்தவர் வெஸ் மாண்ட்கோமரிதான். இண்டியானாபொலிஸில் பகலில் தொழிற்சாலை வேலை, இரவில் கிளப்பில் வாசிப்பு. இசையை எழுதப் படிக்கத் தெரியாது. சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கற்றவர். நடுவில் கிடைத்த நேரத்தில் பழகும்போது பிளெக்ட்ரமால் மீட்டினால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவாக இருக்கும் என்று கட்டைவிரலின் சதையால் மெல்ல மீட்டினாராம். அந்தப் பூப்போன்ற ஓசைதான் பிறகு உலகமெல்லாம் அவருடைய முத்திரையானது. இதை நம்மவர் என்னிடமே, என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, கண் கலங்கச் சொன்னார். சொல்லிவிட்டு மேலே போய் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"அவர் 45 வயசுல போயிட்டார்" என்றும் பெருமூச்சு விடுவார்.

"எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போனாரு" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வரும்.

குருவே இல்லாமல் இருந்தார் என்று சொல்ல முடியாது. பெரம்பூர்ப் பக்கம் ஒரு வாத்தியார் கிடைத்தார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஆங்கிலோ-இந்தியர், ஒரு காலத்தில் நடன விருந்துகளுக்கு வாசித்தவர். நம்மவருடைய கார் பணிமனையில் இருந்ததால் முதல் வகுப்புக்கு என் வண்டியில்தான் போனோம். ஓரமாக ஒரு மோடாவில் உட்கார்ந்து நானும் கேட்டேன்.

நம்மவர் வந்த வேகத்தில் ஆறு கம்பியையும் அடைத்து, சுண்டுவிரல் எங்கேயோ நீண்டு போக, ஒரு பெரிய கார்டைப் பிடித்தார். வாத்தியார் எட்டி அவர் விரல்களை ஒவ்வொன்றாக, முள் எடுப்பதுபோல், எடுத்துவிட்டார்.

"எதுக்கு மேன் இவ்ளோ? ரூட்டை பாஸ்காரன் பாத்துக்குவான். பிஃப்த்தைத் தூக்கிப் போடு, இல்லேன்னா யாரும் தேட மாட்டாங்க. மிச்சம் என்ன? மூணாவது சுரம், ஏழாவது சுரம். கார்டுக்கு முகம்னா அது ரெண்டுதான்."

பிறகு அந்தப் புகழ்பெற்ற ரெண்டு-அஞ்சு-ஒண்ணு. சி சுருதியில் இரண்டாவது இடத்துக் கார்டு டி மைனர் செவன். அதன் முகம் எஃப், சி. "எஃப் அப்படியே குந்தியிருக்கட்டும். சி மட்டும் ஒரு ஃப்ரெட் இறங்கி பி ஆகட்டும். ஆச்சா? இப்ப நீ ஜி செவன்ல இருக்கே, அஞ்சாவது இடம். இப்ப பி குந்தியிருக்கட்டும். எஃப் ஒரு ஃப்ரெட் இறங்கி ஈ. சி மேஜர் செவன். வீடு வந்தாச்சு, செருப்பைக் கழட்டு."

இரண்டே விரல்கள். முதலில் ஒன்று ஒரு படி இறங்குகிறது, மற்றது காத்திருக்கிறது. பிறகு மற்றது இறங்குகிறது, முதலாவது காத்திருக்கிறது. கதவை யார் முதலில் கடப்பது என்று இரண்டு மரியாதைக்காரர்கள் விட்டுக்கொடுத்துக்கொள்வதுபோல் இருந்தது. கிதாரைக் கையால் தொட்டிராத எனக்கு உடம்பு சிலிர்த்தது. எனக்கே புரிந்துவிட்டது என்பதில்தான் தவறு நடந்தது என்று நினைக்கிறேன். இவ்வளவு சுலபமான ஒன்றின்மேல் நம்மவருக்கு மரியாதை வரவில்லை.

"மாஸ்டர், சோலோ எப்ப ஆரம்பிக்கலாம்?"

"நாலு மாசம் பின்னாடி உக்காந்து இதை வாசி. பார்னா ஒரு தாள அளவு. பாருக்கு நாலு தட்டு. முன்னாடி வாசிக்கறவன் என்ன சொல்றான்னு உன் காது கேக்க ஆரம்பிச்சதும் வந்து கேளு." கிதார்காரர் ஃப்ரெடி கிரீனைப் பற்றி அவர் சொன்னதும் அன்றுதான். கவுண்ட் பேஸியின் வாத்தியக்குழுவில் 1937-இல் சேர்ந்தவர், 1987-இல் இறக்கும்வரை அதே நாற்காலி. அரை நூற்றாண்டில் சோலோ என்று முன்னால் வந்தது அபூர்வம். பாருக்கு நாலு தட்டு, பாருக்கு நாலு தட்டு. பல நேரங்களில் ஒரு கார்டில் ஒரு கம்பி, இரண்டு கம்பிதான் ஒலிக்கும். ஆனால் அவர் தட்டுவதை நிறுத்தினால் பதினாறு பேரும் தள்ளாடுவார்கள். கூட்டுறவு வங்கியில் முப்பது வருஷம் ஒரே கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். எனக்குக் கண்ணீர் வந்தது. நம்மவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மூன்றாம் வாரம் அவர் பெரம்பூர் போவதை நிறுத்திவிட்டு, இணையத்தில் ஓர் அமெரிக்கரின் வகுப்பில் சேர்ந்தார். 'முப்பது நாளில் சுதந்திரம்' என்பதுபோல் ஏதோ தலைப்பு. நம் நாட்டுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

சுதந்திரம் என்ற சொல்லை அவர் இட்லிக்குச் சட்னிபோல் தொட்டுக்கொள்வார். ஜாஸ் என்றால் அந்தந்தக் கணத்தில் பிறப்பதாம், எழுதி வைத்ததை வாசிப்பதில்லையாம். எதிர்வீட்டுப் பாட்டு டீச்சர் மாமி ஒருநாள் வாசலில் பிடித்துக்கொண்டார்.

"ஏண்டாப்பா, நேத்தி ராத்திரி கரஹரப்பிரியா மாதிரி ஏதோ ஆரம்பிச்சே. நன்னா இருந்துது. அப்புறம் எங்கே போனே?"

"அது டி டோரியன் மாமி. அடுத்த பார்ல கார்டு மாறுதில்லையா, அதுக்கு ஆல்டர்டு ஸ்கேல் போட்டேன்."

"அதுல பஞ்சமம் எங்கே?"

"அதுல பஞ்சமம் கிடையாது மாமி. ஜி செவன்னு வெச்சுக்குங்க, அரைக்கட்டை மேல ஏறி நின்னு உங்க கௌரிமனோகரியை வாசிச்சா ஆல்டர்டு வந்துடும்."

"ஏறி நின்னா?" மாமி படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "நாங்க ஒரு ராகத்துக்குள்ள போனா ஒரு மணி நேரம் வெளியில வர மாட்டோம். நீ பாருக்குப் பார் காலி பண்றியே, என்னடா வாடகை வீடு மாதிரி."

நம்மவர் உற்சாகமாகி, ஜெரோம் கெர்னின் 'ஆல் தி திங்ஸ் யூ ஆர்' 36 பாருக்குள் ஐந்து சுருதிக்குப் போய்வரும் என்று விளக்கினார். மாமி உள்ளே போய்த் தம்புராவுக்கு உறை போட்டு வைத்ததாகக் கேள்வி.

மார்கழியில் நடந்ததை மாமி இன்னும் மன்னிக்கவில்லை. ஜாஸ்காரர்கள் கைதட்டுவது ஒன்றிலும் மூன்றிலும் இல்லை, இரண்டிலும் நாலிலும். தாளம் காட்டும் மெட்ரோனோமையும் அப்படித்தான் ஒலிக்கவிட்டுப் பழகுவார்கள். ஒன்று எங்கே இருக்கிறது என்று தானாகவே உணர வேண்டும். நம்மவர் இந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊற வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு, விடியற்காலைத் தெரு பஜனைக்கு வந்து, கூட்டத்தின் நடுவில் நின்று, கண்ணை மூடி, இரண்டிலும் நாலிலும் தட்டினார். ஊர் தட்டாத இடத்தில் இவர் தட்டியதால் கைத்தட்டல் இரட்டிப்பானது. ஜால்ராக்காரர் முதலில் வேகமெடுத்தார், பிறகு தவித்தார், பிறகு நம்மவர் பக்கம் சேர்ந்துகொண்டார். பிள்ளையார் கோவிலில் இருந்து பெருமாள் கோவிலுக்கு வழக்கமாக இருபது நிமிஷம். அன்று பன்னிரண்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்தோம், மூச்சிரைக்க.

இதெல்லாம் பெரியவர்கள், தாங்கிக்கொண்டோம். முதல் மாடிக் குழந்தையின் பிறந்தநாள்தான் பாவம். 'ஹேப்பி பர்த்டே'க்கு வேண்டியது மூன்று கார்டு. நம்மவர் பதினாலு போட்டார். அதில் ஒன்றைப் பற்றி எனக்கு முன்கூட்டியே விளக்கியிருந்தார். ஜி செவனுக்குப் பதிலாக எட்டாத தூரத்தில் இருக்கும் டி-ஃப்ளாட் செவனைப் போடலாமாம். ஏனென்றால் வாத்தியார் சொன்ன முகம், அதாவது எஃபும் பியும், இரண்டுக்கும் ஒன்றுதான். இதில் மூணாவது சுரம் அதில் ஏழாவது, அவ்வளவுதான் வித்தியாசம். சாஸ்திரப்படி சரி. மாப்பிள்ளைக்கும் அவர் ஒன்றுவிட்ட தம்பிக்கும் ஒரே கண், ஒரே மூக்கு என்பதற்காக முகூர்த்தத்தில் தம்பியை உட்கார வைக்கலாமா என்பதுதான் கேள்வி. இருபது குழந்தைகள் பெயர் சொல்லும் வரிக்கு வந்தபோது அந்தத் தம்பி வந்து மணையில் உட்கார்ந்தார். பாதிப் பேர் மேலே போனார்கள், பாதிப் பேர் கீழே போனார்கள், ஒரு சின்னப் பெண் அழத் தொடங்கினாள். கடைசி வரி வரவே இல்லை. மெழுகுவர்த்தி கேக்கின்மேல் உருகி வழிந்துகொண்டிருக்க, "இப்ப ஊதலாமா, கூடாதா?" என்று பிறந்தநாள் பையன் அம்மாவைக் கேட்டான்.

"ரீஹார்மனைசேஷன்" என்றார் நம்மவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு.

போன மாதம் அவர் முதன்முதலாக வெளியாட்களோடு வாசித்தார். கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு காபிக் கடை. ஞாயிறு மாலைகளில் யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்து வாசிக்கலாம். கைத்தட்ட ஆள் வேண்டும் என்று என்னை அழைத்துப் போனார். டிரம்ஸ், பாஸ், சாக்ஸபோன் மூவரும் கல்லூரிப் பிள்ளைகள். எல்லா ஊரிலும் இப்படிக் கூடினால் முதலில் வருவது 'ஆட்டம் லீவ்ஸ்' என்னும் மெட்டுத்தான். ஜோசப் கோஸ்மா பாரீஸில் போட்டது, 32 பார். அதன் முதல் மூன்று கார்டுகளே ரெண்டு-அஞ்சு-ஒண்ணு. நம்மவர் முகத்தில் சொந்தக்காரரைப் பார்த்த வெளிச்சம்.

அவருக்குக் கிடைத்தது பின்னணி வேலை, காம்பிங். சாக்ஸபோன் பையன் சோலோ எடுப்பான், இவர் அவனுக்குக் கார்டு போட வேண்டும். நம் மொழியில் பக்கவாத்தியம். பையன் நாலு சுரம் மெதுவாகத் தொடங்கினான். நம்மவர் டெட் கிரீன் புத்தகத்தின் முதல் எழுபது பக்கங்களை அவன் தலையில் கொட்டினார். அவன் மூச்சு வாங்கிய இடமெல்லாம் இவர் நுழைந்தார். மூச்சு வாங்காத இடத்திலும் நுழைந்தார். ஒரு சுற்று முடிந்ததும் பையன் குழலை வாயிலிருந்து எடுத்து, மிகப் பணிவாக, "அங்கிள், கொஞ்சம் கம்மியா" என்றான்.

அந்தப் பணிவுதான் அவரை உலுக்கிவிட்டது. அடுத்த சுற்றில் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறவிட்டார். ஜாஸில் இது சந்தையில் கைக்குழந்தையைத் தவறவிட்டது மாதிரி. மற்றவர்கள் 32 பார்களைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பார்கள், நாம் எந்த மூலையில் நிற்கிறோம் என்று தெரியாமல் உள்ளே கால் வைத்தால் இடிபடும். நம்மவர் உள்ளங்கையைக் கம்பிகளின்மேல் வைத்து ஓசையை அடக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். தலை மெல்ல ஆடியது. பாஸ் நடந்துகொண்டே இருந்தது. முதல்முறையாக அந்தப் பையனின் சாக்ஸபோன் முழுசாகக் காதில் விழுந்தது. ஒரு சுற்று போயிற்று. இன்னும் பாதிச் சுற்று போயிற்று. கூட்டம் முன்னால் சாய்ந்தது. இந்தப் பெரியவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று. முன்வரிசையில் இருந்த எனக்கு மட்டும் அவர் உதடு முணுமுணுப்பது தெரிந்தது: பதினேழு, பதினெட்டு, இல்லை, பத்தொன்பது.

ஓரிடத்தில் பாஸ்காரன் வீட்டுக்கு வருவது அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே ஒரு கார்டு. மூன்று கம்பி. பி-ஃப்ளாட்.

கடையில் யாரோ "ஆ" என்றார்கள். காபி போடுகிற பெண்கூடத் திரும்பிப் பார்த்தாள்.

வாசித்து முடித்ததும் பாஸ்காரப் பையன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான். "என்ன ஸ்பேஸ் அங்கிள்! இவ்ளோ விட்டு வாசிக்க எத்தனை வருஷம் ஆச்சு உங்களுக்கு?" நம்மவர் என் பக்கம் பார்த்தார். நான் பில்லைப் பார்த்தேன்.

வண்டியில் திரும்பும்போது திருவான்மியூர் வரை பேசவில்லை. பிறகு, "மௌனம்தான் சார் எல்லாம்" என்றார். மறுநாளே மௌனத்தைக் கற்பிக்கும் இணைய வகுப்பு ஒன்றைக் கண்டுபிடித்துச் சேர்ந்துவிட்டார். பன்னிரண்டு வாரம், 46 காணொளிகள், கூடவே இறக்கிக்கொள்ளப் பயிற்சித் தாள்கள்.

எங்களுக்கு விடிவுகாலம் என்றுதான் நானும் நினைத்தேன். இப்போது இரவு பதினோரு மணிக்கு மேலே மெட்ரோனோம் மட்டும் இரண்டிலும் நாலிலும் சொட்டுகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கார்டு, ரெண்டு. நல்ல ஓசை, முன்புபோல் இல்லை. பிறகு இன்னொன்று, அஞ்சு. அதற்குப்பின் ஒன்றுமே இல்லை. மௌனப் பயிற்சி. சொட்டு, சொட்டு. மின்விசிறி சுற்றுகிறது. நான் இந்தப் பக்கம் புரள்கிறேன், மனைவி அந்தப் பக்கம் புரள்கிறாள். எதிர்வீட்டு மாமியின் ஜன்னலில் விளக்கு எரிகிறது.

நேற்று நள்ளிரவு தாண்டியும் அப்படியே கிடந்தோம்.

"ஏங்க, தூங்கிட்டாரா மனுஷன்?" என்றாள் என் மனைவி.

"இல்ல, வாசிச்சிட்டிருக்கார்."

"ஒண்ணு எங்கங்க?"

பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, இருட்டில், தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த ஒண்ணை அவளே பாடிவிட்டுப் படுத்தாள்.